ஆளில்லாத வீட்டுக்கு வந்த தபால்: ஒரு பின்னலாடை நிறுவனத்தின் இணைப்பு முடங்கிய நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணி. அவிநாசியில் வேறொரு வாடிக்கையாளரின் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திருப்பூரில் நான் பராமரிக்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனிக்கும் பெண் பேசினார். "அண்ணா, நெட் வருகிறது, ஆனால் வரவில்லைங்க" என்றார். அவர் குழம்பிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு துல்லியமான புகாரை நான் அதற்குமுன் கேட்டதில்லை என்பது மதியம்தான் புரிந்தது.

அந்த அலுவலகத்தின் அமைப்பு இதுதான். இணையச் சேவை நிறுவனம் ஒன்றிடமிருந்து 200 மெகாபிட் லீஸ்டு லைன், அதாவது அந்த அலுவலகத்துக்கு மட்டுமேயான தனி இணைப்பு. அதனுடன் ஐந்து பொது ஐபி முகவரிகள், அதாவது வெளியுலகம் அலுவலகத்தை இணையத்தில் கண்டுபிடிக்கும் எண்கள். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் ஒரு ஃபயர்வால், அதன் பின்னால் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுகள், ஏறத்தாழ 140 கணினிகள். நிறுவனத்தின் இணையதளமும், பையர்கள் ஆர்டர் நிலையைப் பார்க்கும் பக்கமும் அலுவலகத்திலேயே ஒரு சர்வரில் இருந்தன. பெருந்துறை சிப்காட்டில் உள்ள சாயப்பிரிவு, சாதாரண பிராட்பேண்ட் இணைப்பிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக இதனுடன் பேசும். சர்வரை அலுவலகத்தில் வைக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. அது என் தவறு.

முதலில் பில்

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் நின்றிருந்தது. ஷிப்பிங் பில்லைச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவேற்ற முடியாமல் ஏற்றுமதிப் பிரிவினர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒரு மடிக்கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் பில் போனது, லாரி கிளம்பியது. அதன் பிறகு யாரும் என் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கவில்லை. அன்று நான் செய்தவற்றில் நிறுவனத்துக்கு உண்மையில் பணம் மிச்சப்படுத்தியது இந்த ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் சந்தேகம் உள்ளே. இதே அலுவலகத்தில் முன்பொரு முறை, தரையில் கிடந்த கேபிளின் இரண்டு முனைகளையும் ஒருவர் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார். அப்போது ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றுபோல் படபடத்தன, பக்கத்து மேசைக் கணினியைக்கூடத் தொட முடியவில்லை. இந்த முறை அப்படி இல்லை. கோப்பு சர்வருக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தி) கொடுத்தால் ஒரு மில்லி விநாடிக்குள் பதில் வந்தது. ஆக, உள்பிணையம் நலம்.

இரண்டாவது சந்தேகம் தெருவில். திருப்பூரில் எங்காவது ஒரு சாலையைத் தோண்டாத நாள் கிடையாது, ஃபைபர் அறுபடுவது எங்களுக்குப் பழகிய துக்கம். ஆனால் அறுபட்டால் அறுபட்டதுதான், பாதி வராது. இங்கே சேவை நிறுவனத்தின் முனையில் உள்ள ரவுட்டருக்குப் பிங் கொடுத்தால் பத்தில் மூன்றுக்குப் பதில் வந்தது. வழக்கமாக 2 மில்லி விநாடி எடுப்பது அன்று 380 எடுத்தது. நெட் வருகிறது, ஆனால் வரவில்லை.

ஸ்கேல் வைத்து வெட்டிய கோடு

ஃபயர்வாலின் போக்குவரத்து வரைபடத்தைத் திறந்தேன். பதிவிறக்கக் கோடு 10.12 வரை மலையும் பள்ளமுமாக வந்து, அங்கிருந்து 200 மெகாபிட்டில் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நேராகப் போனது. மனிதர்கள் இணையத்தைப் பயன்படுத்தும்போது கோடு ஒருபோதும் அவ்வளவு நேராக இருக்காது. பதிவேற்றக் கோடோ 6 மெகாபிட்டில் தரையோடு கிடந்தது.

பதிவேற்றும் பாதை காலியாக இருக்கும்போது மெயில் ஏன் போகவில்லை என்று அந்தப் பெண் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு மெயிலை அனுப்புவதற்கு முன்னால் எதிர்முனையோடு கைகுலுக்க வேண்டும். நாம் நீட்டிய கை வெளியே போய்விடுகிறது, அவர்கள் நீட்டும் கை உள்ளே வர இடமில்லை. ஒரு வழி அடைத்தாலே இரண்டு வழியும் செத்துவிடும்.

யாரோ பெரிய கோப்பு இறக்குகிறார்களோ என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கு ஒரு முரட்டுச் சோதனை உண்டு. ஃபயர்வாலிலிருந்து உள்பிணையத்துக்கும் சர்வருக்கும் போகும் கேபிள்களை உருவிவிட்டேன். இனி உள்ளிருந்து யாரும் எதையும் கேட்க முடியாது. கோடு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு யாரோ விநாடிக்கு 200 மெகாபிட் தபால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சேவையை வேண்டுமென்றே முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதல் இது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். இந்தச் சோதனைக்கு ஆன நேரம் ஒரு நிமிடம். இதை முதல் வேலையாகச் செய்திருக்கலாம்.

கேட்காத கேள்விக்குப் பதில்

தாக்குதல் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த வகை என்று தெரிய வேண்டும். எது நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால் வகை பிடிபடும். சில தாக்குதல்கள் குழாயை நிரப்புகின்றன. சில குழாயைத் தொடாமல் சர்வரின் இணைப்புப் பட்டியலை நிரப்புகின்றன. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை முடக்கிய சின் வெள்ளம் அந்த வகை. கைகுலுக்கலைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விடுவதுதான் அதன் உத்தி. இன்னும் சில, 2009இல் வெளியான ஸ்லோலோரிஸ் போல, வெப் சர்வரிடம் ஒரு கோரிக்கையை இழுத்து இழுத்துச் சொல்லியே அதைக் களைப்படையச் செய்பவை. அவற்றுக்கு ஒரு சாதாரண வீட்டு இணைப்பே போதும். எங்கள் இணைப்புப் பட்டியல் காலியாக இருந்தது, சர்வரும் சும்மா இருந்தது. நிரம்பியிருந்தது குழாய்.

சேவை நிறுவனத்தின் ரவுட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்விட்சை வைத்து, அதன் ஒரு செருகுமுனையில் எல்லாவற்றின் நகலும் வரும்படி அமைத்து, மடிக்கணினியில் பிணையத்தில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓட்டினேன். பத்து நிமிடப் பதிவு. திரையில் ஓடியது முழுக்க யுடிபி என்ற நெறிமுறையில் வந்த பாக்கெட்டுகள், அதாவது தகவல் பொட்டலங்கள். எல்லாம் 53ஆம் போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) கிளம்பியவை, அதாவது ஒரு இணையப் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையின் பதில்கள். பெரும்பாலானவை 1,500 பைட் அளவுள்ளவை. அவற்றின் பின்னால், ஒரே பாக்கெட்டில் அடங்காத பதில்களின் மிச்சமாக, போர்ட் எண்ணே இல்லாத துண்டுகள். அனுப்பிய முகவரிகள் ஆயிரக்கணக்கில், உலகம் முழுவதிலிருந்தும். எல்லாம் எங்கள் இணையதளம் இருந்த ஒரே முகவரியை நோக்கி. நாங்கள் அவர்கள் ஒருவரிடமும் எதையும் கேட்கவில்லை.

இதன் சூத்திரம் எளிது. டிஎன்எஸ் யுடிபியில் ஓடுகிறது. யுடிபியில் கைகுலுக்கல் கிடையாது. கடித உறையில் அனுப்புநர் முகவரியாக யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்பதில்லை. தாக்குபவர் எங்கள் முகவரியை அனுப்புநராக எழுதி, யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களிடம், நிறையப் பதிவுகள் உள்ள ஒரு பெயரைப் பற்றி "எல்லாவற்றையும் சொல்" என்று கேட்கிறார். கேள்வி 60, 70 பைட். பதில் 3,000 பைட்டையும் தாண்டும். பதில் எங்களுக்கு வருகிறது. டிஎன்எஸ்ஸின் பெருக்கம் 28 முதல் 54 மடங்கு என்று அமெரிக்க அரசின் கணினி அவசரகாலக் குழு கணக்கிட்டிருக்கிறது. ஐம்பது என்றே வைத்துக்கொள்வோம்: எங்கள் 200 மெகாபிட்டை நிரப்ப அந்த மனிதருக்கு 4 மெகாபிட் போதும். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின்மீது இதே முறையில்தான் விநாடிக்கு ஏறத்தாழ 300 ஜிகாபிட் கொட்டப்பட்டது.

ஆகவே திரையில் தெரிந்த ஆயிரக்கணக்கான முகவரிகள் எதிரிகள் இல்லை. அவை ஏமாற்றப்பட்ட தபால் நிலையங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தடுக்க உட்கார்ந்தால் தீபாவளி வந்துவிடும்.

வீணான நாற்பது நிமிடம்

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் நான் ஃபயர்வாலில்தான் கை வைத்தேன். கையில் சுத்தியல் இருந்தது. 53ஆம் போர்ட்டிலிருந்து இந்த முகவரிக்கு வரும் எதையும் எறிந்துவிடு, குறிப்பு எழுதாதே என்று ஒரு விதி எழுதினேன். ஃபயர்வாலின் செயலிச் சுமை 94 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கியது. அறையில் கைதட்டாத குறை. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் இணைப்பு அப்படியே செத்துக் கிடந்தது.

ஃபயர்வால் முன்பும் அந்தப் பாக்கெட்டுகளை எறிந்துகொண்டுதான் இருந்தது. 1,500 பைட் வீதம் 200 மெகாபிட் என்றால் விநாடிக்கு 16,000க்கும் மேல் பாக்கெட்டுகள். எறிந்த ஒவ்வொன்றுக்கும் அது ஒரு வரி குறிப்பு எழுதியதுதான் சுமை. நான் அந்த எழுத்து வேலையை நிறுத்தினேன், அவ்வளவே. அதற்குள் குறிப்புகள் வட்டை நிரப்பி, தாக்குதலின் முதல் சில நிமிடங்களை அவற்றின் மேலேயே எழுதி அழித்திருந்தன. இது பின்னால் வலித்தது.

அடுத்து, அலுவலகத்தின் வெளிமுகவரியை ஐந்தில் இன்னொன்றுக்கு மாற்றினேன். பலனில்லை. பழைய முகவரிக்கு வரும் குப்பையும் புதிய முகவரிக்கு வரும் நல்ல பாக்கெட்டும் வர வேண்டியது அதே குழாயில்தானே.

முதலாளி அப்போது உள்ளே வந்தார். பல்லடம் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனத்தில் தோட்டம் வைத்திருப்பவர். நான் சொன்னதை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "மேலே மதகில் அடைக்க வேண்டியதை நீங்கள் என் தோட்டத்து மடையில் மண் போட்டு அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படித்தானே தம்பி?" என்றார். அப்படித்தான் அண்ணா என்றேன்.

மதகு

சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை 12.15க்கு அழைத்தேன். ரவுட்டரை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடச் சொன்னார்கள். போட்டோம். புகார் எண் தந்தார்கள். இன்னும் இருவரிடம் அதே கதையைச் சொன்னேன். கடைசியில், லீஸ்டு லைனை விற்ற மேலாளரைப் பிடித்து, அவர் வழியாக அவர்களுடைய பிணையக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொறியாளரோடு பேச 1.25 ஆகிவிட்டது. அந்தப் பொறியாளரிடம் பேசிய நேரம் நான்கு நிமிடம்தான். அதற்குக் காரணம், அழைப்பதற்கு முன்பே ஒரே மெயிலில் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தேன்: தாக்கப்படும் முகவரி, தொடங்கிய நேரம், நெறிமுறை, போர்ட், விநாடிக்கு எத்தனை பாக்கெட்டுகள், கூடவே பதிவின் சிறு பகுதி. "நெட் மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் அவர்கள் ரவுட்டரை அணைக்கச் சொல்வதில் பெரிய தப்பில்லை.

அவர் பக்கத்தில் பார்த்தபோது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது 1.4 ஜிகாபிட். அதில் எங்கள் குழாயில் நுழைந்தது ஏழில் ஒரு பங்கு. அவர் அந்த ஒரே ஒரு முகவரியைக் கருந்துளையில் போட்டார். அந்த முகவரிக்கு வரும் எதையும், நல்லதோ கெட்டதோ, அவர்களுடைய எல்லை ரவுட்டரே எறிந்துவிடும். ஒரு வகையில் தாக்குபவர் விரும்பியதை நாமே செய்து கொடுக்கிறோம்: அந்த முகவரி உலகத்திலிருந்து மறைந்துவிடுகிறது. ஆனால் மற்ற நான்கு முகவரிகளும் பிழைத்துக்கொள்கின்றன. நான் ஒரு மணி நேரத்துக்கும் முன்பு வீணாகச் செய்த முகவரி மாற்றம் இப்போது உயிர்பெற்றது. 1.40க்குக் கோடு சரிந்தது, பிங் 2 மில்லி விநாடிக்கு வந்தது.

முகவரி மாறியதால் உடைந்தவற்றை ஒட்டவைப்பது தனி வேலை. பெருந்துறை விபிஎன் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருந்தது. ஒரு பையரின் தளம் எங்கள் பழைய முகவரியை மட்டுமே அனுமதிக்கும். மாற்றித்தரச் சொல்லி மெயில் அனுப்பி மறுநாள்வரை காத்திருந்தோம். நிறுவனத்தின் ஆர்டர், கணக்கு எல்லாவற்றையும் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருள் தானாக அனுப்பும் பேக்கிங் லிஸ்டுகள் புதிய முகவரியிலிருந்து போனதால், எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள முகவரிகளைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அந்த முகவரி இல்லாத காரணத்தால், பையரின் ஸ்பாம் பெட்டியில் போய் விழுந்தன. அதை மூன்று நாள் கழித்து பையரோடு பேசும் ஒரு மெர்ச்சண்டைசர் சொல்லித்தான் அறிந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து

1.45க்கு இணையதளத்தின் டிஎன்எஸ் பதிவையும் புதிய முகவரிக்கு மாற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்து, பயன்படுத்திய கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். 2.50க்குக் கோடு மறுபடி 200இல் நேராக நின்றது. இந்த முறை புதிய முகவரியில்.

எரிச்சல் அடங்கிய பிறகு அந்த இடைவெளியைப் பார்த்தேன். எங்கள் டிஎன்எஸ் பதிவின் ஆயுள் (ஒருமுறை கிடைத்த பதிலை மற்றவர்கள் திரும்பக் கேட்காமல் வைத்துக்கொள்ளும் நேரம்) 3,600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். மாற்றியதிலிருந்து அடி விழுந்தது ஒரு மணி ஐந்து நிமிடத்தில். தாக்குபவரின் கருவிக்கு எங்கள் முகவரி கொடுக்கப்படவில்லை, எங்கள் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய பதில் காலாவதியானதும் அது திரும்பக் கேட்டு, நான் மாற்றிய முகவரியைத் தெரிந்துகொண்டு பின்னாலேயே வந்துவிட்டது. அன்றைய நாளின் மிக உபயோகமான தகவல் இதுதான். குறி இணையதளம், அலுவலகம் அதனோடு ஒரே வீட்டில் குடியிருந்ததால் அடி வாங்கியது.

அதே பொறியாளரிடம் இந்த முறை வேறொன்று கேட்டேன்: எங்கள் முகவரிகள் அனைத்துக்கும், 53ஆம் போர்ட்டிலிருந்து வரும் யுடிபியையும் அதன் துண்டுகளையும் அவர்கள் எல்லையிலேயே தடுக்க வேண்டும், நாங்கள் பயன்படுத்தும் இரண்டு டிஎன்எஸ் சர்வர்களைத் தவிர. எல்லாச் சேவை நிறுவனங்களும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. அவர் ஒத்துக்கொண்டார். 3.30க்கு அடங்கியது. அன்று இரவே இணையதளத்தை வெளியில் உள்ள ஒரு விநியோகப் பிணையத்தின் (இணையதளங்களுக்கு முன்னால் நின்று தன் பல சர்வர்களால் போக்குவரத்தைத் தாங்கும் சேவை) பின்னால் நகர்த்தினோம். அலுவலகத்தின் முகவரி எந்தப் பெயர்ப் பதிவிலும் இல்லாதபடி துடைத்தோம். தாக்குதல் பெயரைத் தேடிக்கொண்டு அங்கே போனது. டெராபிட் கணக்கில் தாங்குபவர்களுக்கு 1.4 ஜிகாபிட் ஒரு கொசு. மறுநாள் மாலை அதுவும் நின்றுவிட்டது.

இந்தியக் கணினி அவசரகால மறுவினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகள் எழுதும் குறிப்புப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். மாலை 5 மணிக்கு மெயில் அனுப்பினோம். பதிவுகள் விஷயத்தில் எங்கள் நிலை மேலே சொன்னதுதான். ஏழு நாளுக்குமேல் எதையும் வைத்திராத ஃபயர்வால், முதல் நிமிடங்களையும் தின்றிருந்தது. இப்போது பதிவுகள் தனிக் கணினிக்குப் போகின்றன.

யார் செய்தது என்பதுதான் முதலாளியின் கேள்வி. அவருக்கு ஒரு போட்டி நிறுவனத்தின்மீதும், கசப்போடு வேலையை விட்டுப்போன ஒருவர்மீதும் சந்தேகம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி இது மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம் என்று சொன்னேன். ஆனால் பெயர் சொல்ல மறுத்துவிட்டேன். அனுப்புநர் முகவரி பொய்யாக எழுதப்பட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு எழுதியவரைக் காட்ட என்னால் முடியாது. 2018 ஏப்ரலில் முடக்கப்பட்ட வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற தளம் மாதம் 15 யூரோவிலிருந்து இந்தச் சேவையை வாடகைக்கு விட்டது. அதைப் போன்றவை இன்னும் முளைக்கின்றன. வாடகைக்கு எடுக்கத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை, கோபம் போதும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டேன்.

பெருந்துறை

பொய் முகவரியோடு கிளம்பும் பாக்கெட்டை, கிளம்பும் பிணையத்தின் வாசலிலேயே தடுக்க வேண்டும் என்று 2000 மே மாதத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இணையத்தின் நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 2827 என்பது அந்த ஆவணம். கால் நூற்றாண்டு ஆகியும் எல்லாரும் செய்வதில்லை, செய்யாதவருக்கு நஷ்டமில்லை என்பதால். நொய்யல் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சாயக்கழிவு மேலே திறக்கப்பட்டது, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணையில் நின்றுகொண்டு யாராலும் அதைச் சுத்தம் செய்ய முடியவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையே மூடச் சொன்ன பிறகுதான் குழாயின் முனைக்குக் கவனம் போனது.

இதை முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும் தபால் நிலையங்களில் எங்களுடையது ஒன்றும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கைபேசி இணைப்பிலிருந்து எங்கள் பொது முகவரிகள் ஒவ்வொன்றிடமும் சம்பந்தமில்லாத ஒரு பெயரைப் பற்றி டிஎன்எஸ் கேள்வி கேட்டேன். அலுவலகத்தின் ஐந்து முகவரிகளும் வாய் திறக்கவில்லை. பெருந்துறை சாயப்பிரிவின் பிராட்பேண்ட் ரவுட்டர் மரியாதையாகப் பதில் சொன்னது.

சனிக்கிழமை அங்கே போனேன். பொருத்தியவர் விட்டுப்போன அமைப்பில், உள்ளே இருப்பவர்களுக்கான டிஎன்எஸ் சேவை வெளிப்புறத்துக்கும் திறந்திருந்தது. 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 8 மெகாபிட், யார் யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. எங்களை அடித்த கூட்டத்தில் அதுவும் இருந்ததா என்று அன்றைய பதிவில் தேடினேன். நான் பிடித்து வைத்திருந்த பத்து நிமிடத்தில் இல்லை. வேறு யாரோ ஒருவரின் பதிவில் இருந்திருக்கும்.

வெளிப்புற டிஎன்எஸ்ஸை அடைத்ததும் பதிவேற்றக் கோடு தரைக்கு வந்தது. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாயக் கலவைக் குறிப்பு ஒன்றைத் திருப்பூருக்கு அனுப்பிப் பார்த்தார். "இரண்டு வருடமாக ராத்திரி ஷிஃப்டில் இது ஒரு சுற்று சுற்றித்தான் போகும்ங்க, லைனே இப்படித்தான் என்று இருந்துவிட்டோம்" என்றார்.